மலையில் முறை வைத்து ஆடுகிறார்கள்

கள்ளக்குறிச்சியில் நான் 'சிங்கப்பூர் மேடம்' ஆவதற்கு அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வடைகறி இன்னொரு கரண்டி கேட்டேன். பரிமாறியவர் "சிங்கப்பூர் மேடத்துக்கு வடகறி" என்று உள்ளே குரல் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர் உடனே திரும்பி, தன் மச்சானுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை கிடைக்குமா என்று விசாரித்தார். நான் வாலிபால் ஆடுகிறவள், கப்பல் கட்டுகிறவள் இல்லை என்றேன். "அப்ப வாலிபால்ல எதுனா வேலை கெடைக்குங்களா?" என்றார். வடைகறி பிரமாதமாக இருந்ததால் எனக்குக் கோபம் வரவில்லை.

வந்த காரியம் வேறு. மாவட்ட விளையாட்டு அதிகாரி மணிவண்ணனுக்கு வெளியூரிலிருந்து ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ஒரு காலத்தில் எங்கள் நாட்டு அணிக்கு ஆடியவள். இப்போது சமூக மன்றத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் அத்தையோ சித்தியோ இல்லை, சிபாரிசு என்று யாரும் என் வாசலில் வந்து நிற்க முடியாது. அதுதான் என் முதல் தகுதி என்று மணிவண்ணன் கூச்சப்படாமல் சொன்னார்.

விஷயம் இதுதான். அரசிடமிருந்து பெண்கள் வாலிபாலுக்கென்று ஒரு தொகை வந்திருந்தது. அதை வைத்து நகரத்தில் திறமையான பெண்கள் தங்கிப் பயில ஒரு மையம் நடத்தலாம், அல்லது ஊர் ஊராக ஆடுகளங்களைச் சீர்செய்யலாம். பெரும் பகுதி மையத்துக்கு என்று மேலே முடிவாகிவிட்டது. கல்வராயன் மலைக்கு உரிய பங்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து ஒரு பெண் தேறினால் அந்தப் பங்கு மையத்தில் அவளுடைய இடமாக மாறும். தேறாவிட்டால் மலையில் ஓர் ஆடுகளத்துக்குப் போகும். இரண்டில் எது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் மனம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் ஊரிலும் ஆண்டுதோறும் இதே வாக்குவாதம் நடக்கும். பதக்கம் வாங்கக்கூடியவர்களுக்குச் செலவழிப்பதா, பேட்டை மக்கள் வியர்வை சிந்தி ஆடுவதற்குச் செலவழிப்பதா என்று. நான் முதல் கட்சி. காலணியிலிருந்து கால்வலி மருத்துவர் வரை அரசாங்கம் கொடுத்து வளர்ந்தவள், வேறு எப்படிப் பேசுவேன்?

தேர்வு ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. தியாகதுருகத்துப் பெண்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து வரிசையாக நின்றார்கள். சின்னசேலத்து அணிக்குப் பயிற்சியாளரோடு ஊதலும் இருந்தது, அவர் அதை ஓயாமல் ஊதினார். களமருதூர் பெண் ஒருத்தி பந்தை நன்றாக அறைந்தாள். அவள் பெயரைக் குறித்துக்கொண்டேன். மலையணி மட்டும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு மரவள்ளிக் கிழங்கு லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. பஸ் வழியில் நின்றுவிட்டதாம். மூட்டைகளின் மேலிருந்து பெண்கள் குதித்து இறங்கினார்கள். கூடவே இரண்டு கைக்குழந்தைகளும், தூக்குச் சட்டிகளும், ஒரு பலாப்பழமும். தலைவி அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடந்து பார்த்துவிட்டு, "தர நல்லா கெட்டியா இருக்குதுடி" என்று மற்றவர்களுக்கு அறிவித்தார்.

அவர்கள் தோற்றார்கள். ஆனாலும் நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஒருத்தி பந்தை விட்டால் மற்றவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெண்ணுக்குக் கை வேகமாக வரவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்தது, அவளுக்கும் மற்றவர்களுக்குப் போகும் அளவு பந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கள் மன்றத்தில் என்றால் மூன்றாவது பந்திலேயே அவளை ஓரங்கட்டியிருப்பார்கள். முதலில் செய்வது நானாகத்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் பலாப்பழத்தை அரிந்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் வந்தது. அப்போது களத்திலிருந்து ஒரு பந்து உயரமாக எங்கள் பக்கம் வந்தது. குழந்தையை வைத்துக்கொண்டிருந்த நெட்டையான பெண் ஒருத்தி குழந்தையை அஞ்சலையின் மடியில் வைத்துவிட்டு ஓடினாள், எழும்பினாள், அடித்தாள். பந்து வலைக்கு மேல் போய் அந்தக் கோடியில் புழுதியைக் கிளப்பியது. என் கையிலிருந்த பலாச்சுளை நழுவிவிட்டது. அவள் எழும்பிய உயரத்தை நான் வேறு நாடுகளில், வேறு மாதிரியான காலணிகளில்தான் பார்த்திருக்கிறேன். அவள் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

பெயர் சத்யா. பன்னிரண்டாம் வகுப்பு.

"இவங்கள ஏன் ஆட்டத்துல எறக்கல?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"இந்த வாட்டி அவ மொற இல்லீங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மணிவண்ணனுக்கு விளங்கிவிட்டது, தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஊரில் அணி என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. ஆடத் தெரிந்த எல்லோருக்கும் முறை உண்டு. உள்ளூர் ஆட்டமோ வெளியூர் ஆட்டமோ, அடுத்த ஆறு பேர் யாரோ அவர்கள் ஆடுவார்கள். கோயில் வேலைக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் முறை வைப்பதுபோல ஆட்டத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

"திறமையை பாக்கத்தானேம்மா ஆள் அனுப்பச் சொன்னோம்?" என்றார் மணிவண்ணன்.

"ஆறு பேர அனுப்புங்கன்னு சொன்னீங்க சார். ஆறு பேரு வந்துகிறோம். புள்ளைங்கள பாத்துக்க ஒருத்தி வேணும், அதுக்கு சத்யா மொற" என்றார் அஞ்சலை. அவர் குரலில் கிண்டல் துளியும் இல்லை.

மறுநாள் மலைக்குப் புறப்பட்டோம். சத்யாவின் வீட்டிலும் ஊரிலும் பேசி அவளை மையத்துக்கு அழைத்து வருவது மணிவண்ணனின் திட்டம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் அரசு ஜீப் பெருமூச்சு விட்டது, சிறிது தூரத்தில் நின்றே போனது. மூடியைத் திறந்தால் கொதிக்கும் நீர் பீய்ச்சி அடித்தது. ஓட்டுநர் ஜீப்பைத் திட்டவில்லை, மணிவண்ணனைத்தான் ஒரு பார்வை பார்த்தார். புது வண்டி கேட்டு எத்தனையோ தடவை எழுதியாயிற்றாம்.

கடைசியில் ரேஷன் அரிசி ஏற்றிவந்த லாரி எங்களை ஏற்றிக்கொண்டது. மூட்டைமேல் உட்கார்ந்து ஏறியதில் எனக்கு வருத்தமே இல்லை. வளைவுக்கு வளைவு கீழே சமவெளி விரிந்தது. கரும்பும் நெல்லும் ஏரிகளும் சேர்ந்து ஒரே பச்சையாகிப் பிறகு நீலமாகிப் போயின. எங்கள் தீவில் உயரமான இடம் என்றால் கட்டடங்கள்தான். மண்ணே இத்தனை உயரம் எழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மணிவண்ணன் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகும் அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அஞ்சலை கேட்டுக்கொண்டார். எழுதினால் அடுத்த வாரமே வேடிக்கை பார்க்க வண்டிகள் வந்துவிடுமாம். போனதும் சாமைச் சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். பிறகு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு, தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய்த் துவையல். போதும் என்று கையை மறைத்தால் அதைப் பொருட்படுத்துவதில்லை. "நாஷ்டா துன்னாம வந்துக்கிறீங்க, மூஞ்ச பாத்தா தெரியுதே" என்று சத்யாவின் அம்மா இன்னொரு கிழங்கை வைத்தார். அவர் அதிகம் பேசவில்லை. மகளைப் பற்றிய பேச்சை எடுத்தபோதெல்லாம் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மாலையில் ஆடுகளத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

எத்தனையோ அரங்கங்களில் ஆடியிருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. செங்குத்தான சரிவைக் கடப்பாரையால் குடைந்து, பாறையை நெருப்பு மூட்டிப் பிளந்து, சமமாக்கியிருந்தார்கள். பல வருட வேலையாம். யாரும் கூலி வாங்கவில்லை. மூன்று பக்கம் மலை, நான்காம் பக்கம் ஒன்றுமே இல்லை, வானமும் பள்ளத்தாக்கும்தான். வலைக்கம்பம் இரண்டும் காட்டு மரம். அந்த நேரத்து வெயில் களத்தின் குறுக்கே விழுந்து கிடந்தது, கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஊரே ஆடியது. மருமகள் அடித்த பந்து மாமனாரின் மார்பில் பட்டது. எல்லோரும் சிரித்தார்கள், மாமனாரும் நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்தார். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் பந்து விளையாடக் கூடாது என்று பலகை தொங்கும். மன்றத்துக் களத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கக் கைபேசியில் முந்திப் பதிவுசெய்ய வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பந்து போடத் தெரியுமா என்பதே எனக்குத் தெரியாது.

திறந்த பக்கத்தில், விளிம்புக்குக் கீழே ஒரு திட்டு இருக்கிறது. அங்கே எப்போதும் ஒருவர் நிற்கிறார். அவருக்குப் பந்துக்காவல் என்று பேர். அவர் இல்லாவிட்டால் பந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடும். காவல் நிற்காதவருக்கு ஆட்டம் கிடையாது, அதிலும் முறைதான். போன மழையில் அந்த விளிம்பு இடிந்து, களத்தின் எல்லைக்கோட்டையே தின்ன ஆரம்பித்திருந்தது. கீழிருந்து தாங்கும் சுவர் ஒன்று எழுப்பாவிட்டால் அடுத்த மழைக்கே பாதிக் களம் இருக்காது. கல் இருக்கிறது, கை இருக்கிறது. கம்பியும் சிமெண்டும், அவற்றை மேலே கொண்டுவர வண்டியும் இல்லை.

சத்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். "ஆஸ்டல்ல தெனமும் ஆடலாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"காலையிலயும் சாயங்காலமும்."

"எனக்குப் போவணுங்க. ரொம்ப ஆச. இங்க என் மொற வர்றவரிக்கும் காத்துக்கினு இருக்கறது கஷ்டமா இருக்குது. வெளிய சொன்னதில்ல."

எனக்கு அவளை அப்போதே பிடித்துப் போனது. அந்த வயதில் நானும் அப்படித்தான் பசித்திருந்தேன். ஆனால் சுவரையும் பார்த்துவிட்டேனே. அவள் போனால் மலையின் பங்கு அவளோடு கீழே இறங்கிவிடும் என்பது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மணிவண்ணன் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை, சொன்னால் விடமாட்டார்கள் என்று பயந்தார். நான் அஞ்சலையிடம் சொல்லிவிட்டேன். மணிவண்ணன் என்னோடு அன்று சாப்பிடும்வரை பேசவில்லை.

மறுநாள் களத்திலேயே கூடினார்கள். முறை உள்ள எவரும் பேசலாம் என்பது விதி. அஞ்சலை எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் நிலைமையைச் சொன்னார். சத்யாவுக்கு இடம், அல்லது களத்துக்குச் சுவர். ஒரு பெரியவர் எழுந்தார். "செவுரு இல்லன்னா மழைக்கு அப்பறம் யாருக்கும் ஆட்டம் கெடையாது. ஒருத்திக்காவ எல்லாரும் குந்திக்கினு இருக்கறதா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல ரெண்டுக்கும் குடுப்பாங்களாக்கா?"

"ஜெயிக்கறவங்களுக்குத்தான் ஜாஸ்தி" என்றேன். "எனக்குக் கொடுத்தாங்க. எங்கூட ஆடிக்கிட்டிருந்த மத்த பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது." இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

சத்யா எழுந்தாள். "நான் போறேன்" என்றாள். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எல்லோரும் அவளுடைய அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தரையைப் பார்த்தபடி, "அவ சொல்றதுதான்" என்றார். அவர் குரலை நான் சரியாகக் கேட்டது அப்போதுதான்.

யாரும் திட்டவில்லை. அஞ்சலை கேட்டார்: "கல்யாணமாயி போற பொண்ணு தன் மொறைய யாருக்காச்சும் குடுத்துட்டுத்தான் போவும். நீ யாருக்குக் குடுக்கற?"

"யாருக்கும் குடுக்க மாட்டேன். நான் கல்யாணமாயா போறேன்? திரும்பி வருவேன்."

இப்படி ஒரு பதில் அங்கே இதற்குமுன் வந்ததில்லை போலிருக்கிறது.

"சரி" என்றார் அஞ்சலை. "குடுக்கலன்னா அது உன்னுதுதான். உன் மொற வர்றப்போ நாங்க அஞ்சு பேரா ஆடிக்கிறோம்."

"செவுரு?" என்றார் பெரியவர்.

"அத்த அப்பறம் பாத்துக்கலாம்."

அடுத்த நாள் காலை ஜீப் எப்படியோ மேலே வந்து சேர்ந்தது. சத்யா ஒரு பையோடு ஏறிக்கொண்டாள். மணிவண்ணனுக்கு முகம் மலர்ந்திருந்தது. "மலைப் பங்கு வழங்கப்பட்டதுன்னு ஒரு வரி எழுதிடுங்க மேடம், வேலை முடிஞ்சிது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் எழுதுவதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். உண்மையில் அந்தக் களத்தை விட்டு இறங்க மனமில்லை.

அன்று மாலை பக்கத்து ஊர் அணி ஆட வந்தது. இரண்டு வேளை சாப்பிட்டவருக்கும் பந்துக்காவல் உண்டு என்று என்னை விளிம்புக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் பள்ளத்தாக்கு. பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. விளிம்பு இடிந்து தாழ்ந்திருந்ததால் அங்கிருந்தே களம் முழுவதும் தெரிந்தது.

ஐந்து பேர்தான் இறங்கினார்கள். அன்று ஆடவேண்டிய ஆறாவது ஆள் சத்யா.

வலதுபக்கம் வலைக்கருகே ஓர் இடம் காலியாக இருந்தது. இடம் மாறும்போது காலி இடமும் அவர்களோடு சேர்ந்து நகர்ந்தது. வந்த அணி முதலில் மரியாதைக்காக அங்கே அடிக்கவில்லை. ஆட்டம் சூடு பிடித்ததும் யாருக்கு மரியாதை ஞாபகம் இருக்கும்? பந்து ஒவ்வொன்றாக அந்த இடத்தில் விழத் தொடங்கியது. ஒரு பந்து அஞ்சலைக்கு ஓரடி தள்ளி விழுந்தது. கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். அவர் நீட்டவில்லை. அது சத்யாவின் பந்து.

அது துள்ளி உருண்டு, இடிந்த விளிம்பில் கொஞ்சம் மண்ணையும் சேர்த்துக்கொண்டு என்மேல் வந்து விழுந்தது. பிடித்து மேலே எறிந்தேன். எத்தனை பதக்க மேடைகளின் பக்கத்தில் நின்றிருக்கிறேன், இப்படி உடம்பெல்லாம் சிலிர்த்ததில்லை. ஒரு பெண் போவதற்கான விலையை இந்த ஊர் ஒவ்வொரு பந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. கொடுக்கிறோம் என்ற நினைப்புகூட அவர்களுக்கு இல்லை.

தோற்றார்கள். வந்தவர்களுக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.

கீழே இறங்கியதும் அலுவலகத்துக்குப் போய் நான் எழுதியதை மணிவண்ணனிடம் கொடுத்தேன். அவர் கேட்ட வரி அதில் இல்லை. 'மலைக்கு இதுவரை எதுவும் வழங்கப்படவில்லை. மலைதான் அரசுக்கு ஓர் ஆட்டக்காரியை வழங்கியிருக்கிறது. எனவே மலையின் பங்கு அப்படியே இருக்கிறது. அதைச் சுவருக்குக் கொடுக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, ஐந்து பேர் ஆடிய ஆட்டத்தையும் எழுதியிருந்தேன்.

அவர் ஒரு முறை படித்தார். தேநீர் வந்தது, ஆறியது. மறுபடி படித்தார்.

"மேல ஒத்துக்குவாங்களான்னு தெரியாது மேடம். என்னை புடிச்சி கேப்பாங்க."

"கேட்டா நான் எழுதினதுன்னு சொல்லுங்க."

"வேணாம்" என்று தன் கையெழுத்தையும் கீழே போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "சத்யாவோட மொற திரும்ப எப்ப வரும்?"

எனக்கு எப்படித் தெரியும்? அவரே அஞ்சலைக்குப் போன் போட்டார். மலையில் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி அஞ்சலை நடப்பது மூச்சிரைப்பில் தெரிந்தது. மணிவண்ணன் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

"அவ மொற அன்னிக்கு நான் ஜீப்புல இட்டுக்கினு வரேம்மா. சாயங்காலம் ஆடிட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடலாம். மையத்துல நான் பேசிக்கிறேன். எப்பன்னு மட்டும் சொல்லு."

அஞ்சலை வாய்க்குள்ளே பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கெழம சார்" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது.

"சார், ஒண்ணு. அன்னிக்கு நாங்க தோத்தத அவகிட்ட சொல்லிடாதீங்க."